பெயர்கள் சொல்லும் கதை
(இத்தாலி நாட்டுப் பெண் பெயர்களைப் பற்றிய ஒரு சிறு ஆய்வு)

பத்தாம் வகுப்பு மாணவியர்

பத்தாம் வகுப்பில் மறக்க முடியாத நாள் ஒன்று உண்டு. அரசுப் பொதுத் தேர்வுக்குரிய பெயர்ப் பட்டியலைச் சரிபார்க்கும் நாளே அது. பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி ஆகியவற்றை ஒவ்வொருத்தியும் எழுத்துக் கூட்டிப் படித்துக் கையொப்பம் இட வேண்டும். “சான்றிதழில் அச்சேறிய பெயரை அப்புறம் மாற்றுவது எளிதன்று, கவனமாகப் பாருங்கள்” என்று எங்கள் வகுப்பாசிரியை பலமுறை எச்சரித்தார்.

அன்று எங்கள் தோழி ஒருத்தி மட்டும் கையொப்பம் இடாமல் நின்றாள். அவள் வியாகுல மாதாவின் பெயரைத் தாங்கியவள். “வியாகுலம் என்றால் துக்கம். பெண் குழந்தைக்குத் துக்கம் என்றா பெயர் வைப்பார்கள்? கல்லூரிக்குப் போனால் எல்லாரும் சிரிப்பார்கள், டீச்சர். வேறு பெயர் வைத்துக்கொள்கிறேன்” என்று கண் கலங்கினாள். ஆசிரியை அவளைக் கடிந்துகொள்ளவில்லை. “பெயர் மாற்றம் பெற்றோர் முறைப்படி விண்ணப்பித்துச் செய்ய வேண்டிய காரியம். வீட்டில் கலந்து பேசி ஒரு வாரத்தில் சொல்” என்று தவணை கொடுத்தார்.

அந்த ஒரு வாரத்தில் பிறந்ததே இக்கட்டுரை. எங்கள் வருகைப் பதிவேட்டைப் பார்த்தோம். லூசியா, ஆக்னஸ், செசிலியா, கிளாரா, கத்தரீன், ரீத்தா எனப் பல பெயர்கள் இருந்தன. இவை எந்த நாட்டுப் பெயர்கள்? யார் முதலில் வைத்தார்கள்? உரோமையில் சில ஆண்டுகள் பயின்று திரும்பிய அருட்சகோதரி ஒருவரிடம் சென்று கேட்டோம். அவர் எங்கள் தோழியைப் பார்த்துப் புன்னகைத்தார். “இந்தப் பெயர்களைத் தாங்கிய பெண்களுள் பலர் இத்தாலியில் வாழ்ந்தவர்கள். அந்நாட்டுப் பெண் பெயர்களின் கதையை முதலில் படியுங்கள். பெயர் மாற்றத்தைப் பிறகு பேசலாம்” என்றார். அவர் சொல்லக் கேட்டும், நூலகத்தில் தேடியும் நாங்கள் அறிந்தவற்றை இங்கே தருகின்றோம்.

தந்தையின் குலமே மகளின் பெயர்

பண்டைய உரோமையில் உயர்குடி ஆண்களுக்கு மூன்று பெயர்கள் இருந்தன. கயுஸ் ஜூலியுஸ் சீசர் என்பதில் கயுஸ் அவருக்கே உரிய பெயர். ஜூலியுஸ் குலத்தின் பெயர். சீசர் குடும்பக் கிளையின் பெயர். பெண்களின் நிலை என்ன? அவர்களுக்குப் பெரும்பாலும் தனிப் பெயரே இல்லை! தந்தையின் குலப்பெயரைப் பெண்பாலாக மாற்றி வைத்துவிடுவார்கள். ஜூலியுஸ் குலத்துப் பெண் ஜூலியா. கொர்னேலியுஸ் குலத்துப் பெண் கொர்னேலியா. கிளாவுதியுஸ் குலத்துப் பெண் கிளாவுதியா. மார்க்குஸ் துல்லியுஸ் சிசரோ என்ற புகழ்பெற்ற பேச்சாளரின் அன்பு மகளும் துல்லியாதான்.

சீசரின் குடும்பத்தைப் பாருங்கள். அவருடைய அத்தை ஜூலியா, இரு சகோதரிகளும் ஜூலியா, மகளும் ஜூலியா. அவ்வீட்டில் யாராவது “ஜூலியா!” என்று கூப்பிட்டால் எத்தனை பேர் திரும்பிப் பார்த்திருப்பார்கள் என்று எண்ணி நாங்கள் சிரித்தோம். வேறுபடுத்திக் காட்ட வேண்டுமானால் மூத்தவள், இளையவள் என்பார்கள். மூன்றாவதாகப் பிறந்தவளை ‘தெர்த்சியா’, அதாவது மூன்றாமவள் என்பார்கள். எங்களுள் ஒருத்தி சிரிப்பை நிறுத்திவிட்டு, “அப்படியானால் அவள் யாருடைய மகள் என்பது தெரியும், அவள் யார் என்பது தெரியாது” என்றாள். எவ்வளவு உண்மை!

எனினும் அப்பெயர்களைத் தாங்கிய பெண்களுள் சிலர் வெறும் குலப்பெயருக்கே உயிர் கொடுத்தனர். சிப்பியோ ஆப்பிரிக்கானுஸ் என்ற பெரும் படைத்தலைவரின் இளைய மகள் கொர்னேலியா. அவருடைய அக்காளுக்கும் அதே பெயர்தான். கணவனை இழந்த பின் தம் பிள்ளைகளைக் கல்வியறிவூட்டி வளர்த்தார் இந்தக் கொர்னேலியா. ஏழைகளுக்கு நிலம் கிடைக்கப் போராடிய திபேரியுஸ், கயுஸ் என்னும் கிராக்குஸ் சகோதரர் இவருடைய மக்களே. இன்று கொர்னேலியா என்றதும் வரலாறு படித்தவர்களுக்கு நினைவில் வருபவர் இவரேயன்றி அக்காள் அல்லர்.

மறைசாட்சிகள் விட்டுச்சென்ற பெயர்கள்

கிறிஸ்தவம் பரவியபோது பெண் பெயர்களில் ஒரு பெரிய மாறுதல் உண்டாயிற்று. குலத்தைப் பார்த்துப் பெயர் வைத்த மக்கள், வாழ்ந்து காட்டிய பெண்ணைப் பார்த்துப் பெயர் வைக்கத் தொடங்கினர்.

சிசிலித் தீவிலுள்ள சிரக்கூசா நகரில் ஏறத்தாழ 304-ஆம் ஆண்டில் உயிர் நீத்த இளம்பெண் லூசியா. இத்தாலியர் லூச்சீயா என்று உச்சரிப்பர். இலத்தீன் மொழியில் ‘லுக்ஸ்’ என்றால் ஒளி. கண் நோயாளிகளின் பாதுகாவலி இவரே. இவருடைய திருநாள் டிசம்பர் 13. 1582-ஆம் ஆண்டு நாட்காட்டி திருத்தப்படுவதற்கு முன், ஆண்டிலேயே பகல் மிகக் குறைந்த நாள் இத்திருநாளை ஒட்டி வந்தது. இருள் மிகுந்த காலத்தில் ஒளியின் பெயர் கொண்டவளுக்கு விழா! வட இத்தாலியில் பெர்கமோ, பிரேஷா, வெரோனா போன்ற ஊர்களில் சிறுவர்களுக்கு அன்று பரிசு கொண்டு வருபவர் லூசியாவே என்பது வழக்கம். பலேர்மோ நகர மக்கள் அன்று ரொட்டி உண்பதில்லை; வேகவைத்த கோதுமை உண்பர். 1646-இல் பஞ்சம் வாட்டியபோது தானியக் கப்பல் வந்து சேர்ந்ததன் நினைவு அது என்று சொல்லப்படுகிறது.

செசிலியா என்ற பெயரின் கதை எங்களை வியப்பில் ஆழ்த்தியது. இது செசிலியுஸ் என்ற உரோமைக் குலத்தின் பெயர். ‘பார்வையற்ற’ என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. ஆனால் இன்று செசிலியா என்றால் பார்வையின்மையை யார் நினைக்கிறார்கள்? இசையையன்றோ நினைக்கிறோம்! மறைசாட்சி செசிலியா இசைக்கலைஞர்களின் பாதுகாவலி ஆனதால் பெயரின் பொருளே மாறிவிட்டது. எங்கள் வகுப்புச் செசிலியா முதலில் முகம் சுளித்தாள். பின்னர் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ஆகாத்தா என்பது ‘நல்லவள்’ எனப் பொருள்படும் கிரேக்கப் பெயர். எரிமலை எட்னாவின் அடியிலுள்ள கத்தானியா நகரம் ஆகாத்தாவைத் தன் பாதுகாவலியாகக் கொண்டு பிப்ரவரி 5 அன்று பெருவிழா எடுக்கிறது. ஆக்னஸ் என்பதும் கிரேக்கமே. ‘தூயவள்’ என்பது பொருள். இலத்தீனில் ஆட்டுக்குட்டிக்கு ‘ஆஞ்ஞுஸ்’ என்று பெயர். ஓசை ஒத்திருந்ததால் ஆக்னஸின் படங்களில் ஆட்டுக்குட்டி இடம்பெற்றது. ஜனவரி 21-இல் கொண்டாடப்படும் இவருடைய திருநாளை ஒட்டி உரோமையில் ஆட்டுக்குட்டிகள் மந்திரிக்கப்படுவதும் மரபாயிற்று. பேராயர்கள் தோளில் அணியும் பால்லியம் என்ற பட்டை அவற்றின் கம்பளியால் நெய்யப்பட்டு வந்தது.

வடக்கிலிருந்து வந்த பெயர்கள்

568-இல் லொம்பார்தியர் என்ற செருமானிய இனத்தார் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து இத்தாலிக்குள் புகுந்தனர். அவர்களோடும் பின்னர் வந்த பிராங்கியரோடும் புதிய பெயர்கள் நுழைந்தன. இவற்றில் வீரம் நிறைந்திருந்தது. மத்தில்தா என்றால் வலிமையும் போரும். அதெலாயிதே என்றால் உயர்குடிப் பண்பு.

கனோஸா கோட்டையின் தலைவி மத்தில்தா (1046–1115) பெயருக்கேற்ப வாழ்ந்தவர். 1077-இல் நான்காம் என்றி அரசர் பாப்பரசர் ஏழாம் கிரகோரியாரிடம் மன்னிப்பு வேண்டிப் பனியில் காத்து நின்றது இவருடைய கோட்டை வாயிலில்தான். உரோமைப் புனித இராயப்பர் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்ட மிகச் சில பெண்களுள் இவரும் ஒருவர்.

ஆண் பெயரிலிருந்து பிறந்த பெண் பெயர்களும் உண்டு. பவுலோ பவுலா ஆவார்; ஜுசேப்பே ஜுசேப்பீனா ஆவார்; அந்தோனியோ அந்தோனியேத்தா ஆவார். இதில் எங்களுக்கு வியப்பில்லை. சூசையிலிருந்து சூசையம்மாளும், அந்தோணியிலிருந்து அந்தோணியம்மாளும், சவேரியாரிலிருந்து சவேரியம்மாளும் நம் ஊரில் பிறக்கவில்லையா? அவர்கள் ‘ஈனா’, ‘ஏத்தா’ என்று சேர்ப்பதை நாம் ‘அம்மாள்’ என்று சேர்க்கிறோம், அவ்வளவுதான்.

அசிசியிலும் சியென்னாவிலும்

அசிசி நகரத்துக் கியாராவை நாம் கிளாரா என்கிறோம். ‘தெளிவும் ஒளியும் உடையவள்’ என்பது பொருள். அவருடைய தாயின் பெயர் ஒர்த்தொலானா. தோட்டக்காரி என்று பொருள். கிளாரா வீட்டைத் துறந்து சென்றபின் தங்கை கத்தரீனாவும் பின்தொடர்ந்தாள். உறவினர்கள் அவளை இழுத்துவர முயன்றும் அவள் அசையவில்லை. அவளுடைய உறுதியைக் கண்ட புனித பிரான்சிஸ், மறைசாட்சியின் நினைவாக ஆக்னஸ் என்று புதுப்பெயர் சூட்டினார். பின்னர் தாயும் அம்மடத்திலேயே சேர்ந்தார். தம் மடத்திற்குக் கிளாரா எழுதிய ஒழுங்குமுறை 1253 ஆகஸ்ட் 9-இல் பாப்பரசரின் ஒப்புதலைப் பெற்றது. இரண்டு நாட்களில் அவர் உயிர் நீத்தார். துறவியர்க்கு ஒரு பெண்ணே எழுதி, திருச்சபை ஏற்ற முதல் ஒழுங்குமுறை அதுவாகும்.

பிரான்சிஸ் என்ற பெயரும் மாற்றப்பட்ட பெயர்தான். ஞானஸ்நானத்தில் அவருக்கு இட்ட பெயர் ஜொவான்னி, அதாவது அருளப்பர். துணி வணிகரான தந்தை பிரான்சு நாட்டின்மீது கொண்ட விருப்பத்தால் ‘பிரான்சுக்காரன்’ என்னும் பொருளில் பிரான்செஸ்கோ என்று அழைத்தார். அப்பெயரின் பெண்பாலே பிரான்செஸ்கா.

சியென்னா நகரத்துக் கத்தரீனா (1347–1380) இரட்டைக் குழந்தைகளுள் ஒருத்தி. மற்றொருத்தியான ஜொவான்னா பிறந்த சில நாட்களில் இறந்தாள். பின்னர் பிறந்த தங்கைக்குப் பெற்றோர் அதே ஜொவான்னா என்ற பெயரை இட்டனர். இறந்தவர் பெயரை அடுத்துப் பிறந்த குழந்தைக்கு வைப்பது அக்காலத் தஸ்கனிப் பகுதியில் பரவலான வழக்கம். போனவர் மீண்டும் வந்ததாக எண்ணி ஆறுதல் அடைந்தார்கள் போலும்! கத்தரீனா பாப்பரசர்களுக்கே கடிதம் எழுதி அறிவுரை கூறும் அளவுக்கு உயர்ந்தார். 1970-இல் திருச்சபையின் மறைவல்லுநர் என்ற பட்டமும் அவருக்கு அளிக்கப்பட்டது.

கல்வி தந்த பெருமை

மாணவியராகிய எங்களுக்கு மிகவும் பிடித்த இரண்டு பெயர்களை இங்கே சொல்லியாக வேண்டும். வெனிஸ் நகரில் 1646-இல் பிறந்தவர் எலேனா கொர்னாரோ பிஸ்கோப்பியா. எலேனா கிரேக்கப் பெயர். அவர் 1678-இல் பாதுவா பல்கலைக்கழகத்தில் தத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்றார். உலகில் அப்பட்டம் பெற்ற முதல் பெண்மணியாக அவரைக் குறிப்பிடுவர்.

லவுரா என்பது ‘லாரல்’ என்னும் மரத்தின் பெயரிலிருந்து வந்தது. வெற்றி பெற்றவர்க்கு அம்மர இலைகளால் மாலை சூட்டுவர். அதனாலேயே இத்தாலிய மொழியில் பல்கலைக்கழகப் பட்டத்திற்கு ‘லவுரேயா’ என்று பெயர். 1732-இல் பொலோஞ்ஞா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, பின்னர் இயற்பியல் கற்பித்த பெண்மணியின் பெயர் லவுரா பாஸ்ஸி. லவுரா லவுரேயா பெற்றார்! இதைவிடப் பொருத்தம் வேறென்ன வேண்டும்?

பெயர் மட்டுமே செல்வமானபோது

1545 முதல் 1563 வரை நடந்த திரிதெந்தின் பொதுச்சங்கத்திற்குப் பின் புனிதர்களின் பெயரை இடுவது மேலும் வலியுறுத்தப்பட்டது. பங்குகளில் ஞானஸ்நானப் பதிவேடு வைப்பதும் பொதுவிதி ஆயிற்று. முதல் மகளுக்குத் தந்தையைப் பெற்ற பாட்டியின் பெயரும், அடுத்த மகளுக்குத் தாயைப் பெற்ற பாட்டியின் பெயரும் வைப்பது பல ஊர்களில், சிறப்பாகத் தென் இத்தாலியில், வழக்கமாயிற்று.

பாட்டி யாரென்றே தெரியாத குழந்தைக்கு எப்பெயர் வைப்பது? பிளாரன்ஸ் நகரில் ‘மாசற்ற குழந்தைகளின் இல்லம்’ ஒன்று இருக்கிறது. கைவிடப்பட்ட குழந்தைகளுக்காகப் புருனெல்லெஸ்கி என்ற சிற்பி வடிவமைத்த கட்டடம் அது. அங்கு முதன்முதலாக ஒரு குழந்தை கொண்டுவந்து விடப்பட்ட நாள் 1445 பிப்ரவரி 5. பெண் குழந்தை. அன்று ஆகாத்தாவின் திருநாள் அன்றோ! ஆகவே அவளுக்கு ஆகாத்தா ஸ்மெரால்தா என்று பெயரிட்டார்கள். ஸ்மெரால்தா என்றால் மரகதம். தாய் தந்தை இல்லை, குலம் இல்லை, ஊர் இல்லை. ஆனாலும் ‘நல்லவள்’ என்றும் ‘மரகதம்’ என்றும் பெயர் பெற்றாள் அக்குழந்தை.

பிற்காலத்தில் அங்கே பிள்ளைகளை விட்டுச் சென்ற தாய்மார் பலர் ஒரு பதக்கத்தை இரண்டாக உடைத்துப் பாதியைக் குழந்தையோடு வைத்துச் செல்வர். என்றாவது திரும்பி வந்தால் தங்கள் பாதியைக் காட்டிப் பிள்ளையை அடையாளம் காணலாம் என்ற நம்பிக்கையே காரணம். அப்பாதிப் பதக்கங்களை இன்றும் அங்குள்ள காட்சியகத்தில் காணலாம். இதைக் கேட்டபோது எங்கள் வகுப்பில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

மாதாவின் பெயர்கள்

இப்போது எங்கள் தோழியின் கேள்விக்கு வருகின்றோம். மரியா என்பது மிரியம் என்ற எபிரேயப் பெயரின் வடிவம். தென் இத்தாலியர் மரியா என்பதோடு நிற்கவில்லை. மாதாவின் ஒவ்வொரு திருநாளையும் பட்டத்தையும் தங்கள் பெண்மக்களுக்குப் பெயராக்கினர். அப்பட்டியலைச் சகோதரி கரும்பலகையில் எழுத எழுத எங்களுக்கு வியப்பு மேலிட்டது.

இம்மாக்குலாத்தா என்றால் மாசில்லாதவள். கொன்ச்சேத்தா என்பதும் அதே திருநாளைச் சேர்ந்த பெயர். நம் ஊரில் அமலோற்பவம். அசுந்தா என்றால் விண்ணுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டவள். நம் ஊரில் பரலோக மேரி. ரொசாரியா என்றால் நம் ஊர்ச் செபமாலை. நீவெஸ் என்றால் பனி. தூத்துக்குடிப் பனிமய மாதாவின் திருநாளும், உரோமை நகரப் பெரிய மாதா கோவிலின் பனித் திருநாளும் ஒன்றே, ஆகஸ்ட் 5.

கடைசியாகச் சகோதரி எழுதிய பெயர் அத்தொலொராத்தா. “இதற்கு என்ன பொருள், சிஸ்டர்?” என்று எங்கள் தோழியே கேட்டாள். “வியாகுலம் நிறைந்தவள். உன் பெயர்தான்” என்றார் அவர். நேப்பிள்ஸ் நகரிலும் பூல்யாப் பகுதியிலும் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் அப்பெயரோடு வாழ்ந்திருக்கிறார்கள் என்றும், செப்டம்பர் 15 அன்று அத்திருநாளைக் கொண்டாடுகிறார்கள் என்றும் விளக்கினார். “அந்தப் பெயர் துக்கத்தை உனக்குக் கொடுப்பதற்காக வைத்ததன்று. துக்கம் வந்தபோது ஓடிப்போகாமல் சிலுவையடியில் நின்ற ஒரு தாயை நினைத்து வைத்தது” என்றார்.

மொழி மாறினாலும் பெயரின் பொருள் பயணம் செய்யும் என்பதற்கு வீரமாமுனிவரே சான்று. 1680-இல் இத்தாலியில் பிறந்த அவருடைய பெயர் கொஸ்தான்சோ; நிலைத்த உறுதியுடையவர் என்பது பொருள். தமிழகத்தில் தைரியநாதர் ஆனார். தேம்பாவணியில் சூசையப்பருக்கு ‘வளன்’ என்று அழகு தமிழ்ப் பெயர் சூட்டினார். கொஸ்தான்சோவின் பெண்பால் கொஸ்தான்சா என்று அறிந்து, தைரியமேரி என்ற பெயருடைய ஒன்பதாம் வகுப்பு மாணவி பெரிதும் மகிழ்ந்தாள்.

இன்றைய இத்தாலியில்

இன்று நிலைமை எவ்வளவோ மாறிவிட்டது. உயிரோடிருக்கும் தந்தையின் பெயரையோ உடன்பிறந்தாரின் பெயரையோ குழந்தைக்கு அப்படியே வைக்கக் கூடாது என்றும், நகைப்புக்கு இடமான பெயர் வைக்கக் கூடாது என்றும் 2000-ஆம் ஆண்டு விதி கூறுகிறது. சீசர் வீட்டைப் போல் அக்காளும் தங்கையும் ஒரே பெயர் தாங்க இனி வழியில்லை! தந்தையின் குடும்பப் பெயரை மட்டுமே பிள்ளைக்குத் தானாகச் சேர்ப்பது அரசியலமைப்புக்கு ஒவ்வாதது என்று 2022-இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தாயின் குடும்பப் பெயருக்கும் அதனால் இடம் கிடைத்தது.

அதே 2022-இல் பிறந்த பெண் குழந்தைகளுக்கு மிகுதியாக இடப்பட்ட பெயர்கள் சோபியா, அவுரோரா, ஜூலியா. சோபியா என்றால் ஞானம். அவுரோரா என்றால் விடியல். ஜூலியா? ஆம், சீசர் வீட்டில் நால்வருக்கும் பொதுவாயிருந்த அதே ஜூலியாதான்! அன்று ‘ஜூலியுஸ் குலத்தவள்’ என்பதற்கு மேல் பொருள் இல்லாத பெயர். இன்று அவளவளுக்கே உரிய பெயர். பெயர் மாறவில்லை. தாங்குபவளின் நிலை மாறியிருக்கிறது.

முடிவுரை

இதுவரை கண்டவற்றால் நாங்கள் தெரிந்துகொண்டது ஒன்றுண்டு. பெயருக்கு அகராதி ஒரு பொருள் தருகிறது. அதைத் தாங்கியவள் வேறொரு பொருள் தருகிறாள். நிலைத்து நிற்பது இரண்டாவது பொருளே. இல்லையேல் பார்வையின்மையைக் குறித்த சொல் இசையைக் குறிக்குமா? யாருமற்ற குழந்தை மரகதம் ஆவாளா?

ஒரு வாரம் முடிந்தது. எங்கள் தோழி தன் தந்தையிடம் பேசிவிட்டு வந்தாள். அவளுக்கு இடப்பட்டது அவருடைய தாயாரின் பெயர் என்பது அவளுக்கு முன்பே தெரியும். ஆனால் அந்தப் பாட்டி இளம் வயதிலேயே கணவனை இழந்தவர் என்பதும், இரவெல்லாம் பாய் முடைந்து விற்று நான்கு பிள்ளைகளைப் படிக்க வைத்தவர் என்பதும் அவள் அன்றுதான் கேட்ட செய்தி. “இதையெல்லாம் ஏன் எனக்கு முன்பே சொல்லவில்லை என்று அப்பாவிடம் கேட்டேன். நீ கேட்கவே இல்லையே அம்மா என்றார்” என்று கூறினாள்.

பட்டியலில் தன் பெயரை ஒரு முறை எழுத்துக் கூட்டிப் படித்தாள். ஓர் எழுத்துக்கூடப் பிழையில்லை. கையொப்பம் இட்டாள்.

இதைப் படிக்கும் தங்கைமாரே! இன்று மாலை வீட்டிற்குச் சென்றதும் உங்கள் பெயரை யார் வைத்தார்கள், யாருடைய நினைவாக வைத்தார்கள் என்று கேளுங்கள். பெற்றோர்களே! உங்கள் பிள்ளைகள் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே சொல்லிவிடுங்கள்.